மருந்து படாத கத்தரிக்காய்

செவ்வாய், மாசி மாதம்

கத்தரிக்காயில புழு விழுந்திட்டுது. நாளைக்கு முருங்கன் சந்தைக்குப் பிடுங்கவேணும். காலமை அக்காவின்ர மனுசன், என்னைக் கேளாமலே, மருந்தடிக்கிற மெசினை முதுகில போட்டுக்கொண்டு வந்து நிண்டார்.

"இண்டைக்கு அடிச்சுப்போட்டு நாளைக்கு விக்கிறதோ, அத்தான்?"

"எல்லாரும் அப்பிடித்தான் செய்யினம். நீ மட்டும் என்ன?"

"என்ர பிள்ளையளுக்குக் குடுக்கேலாத காயை ஊராற்ற பிள்ளையளுக்கும் குடுக்கமாட்டன். மெசினை இறக்குங்கோ."

கோவிச்சுக்கொண்டு போட்டார். பொழுதுபடுமட்டும் குனிஞ்சு நிண்டு, புழு குடைஞ்ச காயையும் வாடின நுனியையும் வெட்டி எரிச்சன். பாதிக்கு மேல போச்சு. குனிஞ்ச நாரியை நிமிர்த்தேலாமல் கிடக்கு. அடுத்த கிழமையும் புழு வந்தால் என்ன செய்யிறதெண்டு...

மிஞ்சினது ரெண்டு கடகப்பெட்டி தேறும். விடிய அதைத்தான் பிடுங்கிக் கொண்டுபோறன். அத்தான் மெசினோட திரும்பி வந்தால் படலை திறக்கமாட்டன்.