உன் கையை ஒடித்த கம்பு

இன்று காலை பாளையம்பட்டி பஸ் நிறுத்தத்தில் ஒருவனை அடிக்கக் கம்பை ஓங்கிவிட்டேன். என்னை இடித்துக் கீழே தள்ளிவிட்டு அவன் பஸ்ஸில் ஏறப் பார்த்தான். என் முழங்கையில் ரத்தம். மண்டையைப் பிளந்துவிடலாம் என்றுதான் தோன்றியது. நீ இறந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது, என் கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது. ஓங்கிய பிறகுதான் கையில் இருப்பது எந்தக் கம்பு என்று நினைவு வந்தது. உன் வலது கையை ஒடித்த கம்பு. அன்று பிடுங்கியதை நான் திருப்பிக் கொடுக்கவே இல்லை, இப்போது அதைத்தான் ஊன்றி நடக்கிறேன்.

சுதந்திரம் வந்த புதுசு. நாம் இருவரும் பி.ஏ. சரித்திரம், கடைசி வருஷம். பல்கலைக்கழகப் பரீட்சைக்குச் சில வாரங்களே இருந்தன. திருச்சுழிக்குத் தெற்கே உன் ஊருக்கு என்னைக் கூட்டிப் போனாய். கண்மாய்த் தண்ணீருக்காகப் பக்கத்து ஊரோடு நடந்த சண்டையில் உன் தாத்தா வெட்டுப்பட்டு விழுந்த இடத்தில் வருஷா வருஷம் கிடா வெட்டுவார்கள். வெட்டுமுன் வீட்டு ஆள் ஒருவர் அந்தக் கதையைச் சொல்ல வேண்டும். "காலேஜுல சரித்திரம் படிக்கிறவன் இருக்கான்ல, அவன் சொல்லட்டும்" என்று உன் பெரியப்பா பெருமையாக உன்னை முன்னே தள்ளினார்.

தனியாளாக நின்ற தாத்தாவை நாலு பேர் சூழ்ந்து வெட்டிய கதையை, எல்லாரும் எதிர்பார்த்தபடியே சொன்னாய். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் முந்தின நாளே கரையைத் தாண்டிப் போய்ப் பக்கத்து ஊர்க்காரர்களையும் விசாரித்திருந்தாய். இரண்டு பக்கமும் கேட்க வேண்டும் என்பது வகுப்பில் சொன்ன பாடம். நான் அதைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தேன், நீ நம்பினாய்.

"அவுக வேற மாதிரி சொல்றாக. மடையில தூங்கிக்கிட்டிருந்த காவக்காரன நம்ம தாத்தாதான் மொதல்ல வெட்டினாருங்கிறாக" என்றாய்.

பெரியப்பாவின் கம்பு உன் தோளில் இறங்கியது. அடுத்த அடியைத் தடுக்கக் கையைத் தூக்கினாய். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. கட்டியிருந்த கிடா மிரண்டு கயிற்றை இழுத்துக் கத்தியது. "எங்க அய்யாவையா கொலகாரன்ங்கிற" என்று அவர் மறுபடி ஓங்கினார். பாய்ந்து கம்பைப் பிடுங்கினேன். அவரைக் கொன்றே போட்டிருப்பேன். மண்ணில் கிடந்த நீ இடது கையால் என் வேட்டியைப் பிடித்து இழுத்தாய்.

"ஏலே, வேணாம். பெரியப்பா பக்கத்தையும் கேக்கணும்ல."

அப்போது எனக்கு உன்மேல்தான் ஆத்திரம் வந்தது.

கை கோணலாகக் கூடியது. உன்னால் பரீட்சை எழுத முடியவில்லை. நான் பட்டம் வாங்கினேன், நீ கரிசலில் பருத்தி போட்டாய். கட்டுப் போட்ட கையோடே அந்தப் பெரியப்பாவிடம் போய்க் கேட்டும் இருக்கிறாய். பிறகு அருப்புக்கோட்டையில் என் வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னாய்: "சின்னப்பிள்ளையா அவுக அங்கதான் இருந்திருக்காக. தாத்தா வயித்துலருந்து சரிஞ்ச கொடல உள்ள தள்ளி, உசுரு போறவரைக்கும் ரெண்டு கையாலயும் அமுக்கிக்கிட்டிருந்தாகளாம். இதுவரைக்கும் ஒருத்தரும் அவுககிட்ட அதக் கேக்கலயாம்."

அவரை நான் மன்னிக்கவில்லை. எழுதுகிற கையை அடித்தவர்.

ஆனால் இன்று காலை, வேட்டியை யாரோ பிடித்து இழுத்த மாதிரி இருந்தது. ஓங்கிய கம்பை இறக்கினேன். "என்னலே அவசரம் ஒனக்கு, சொல்லு" என்றேன். அவன் சொல்ல ஆரம்பித்தான். பஸ் போய்விட்டது. நின்று கேட்டேன்.