பூதத்தை அடித்த பிறந்தநாள்

நேற்று மத்தியானம் உன் மகள் வந்தாள். பஸ் ஸ்டாண்டிலேயே சாப்பிட்டுவிட்டேன் பெரியம்மா என்றவளை விடாமல் உட்காரவைத்துச் சோறு போட்டேன். கை கழுவிவிட்டு வந்து பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து என் மடியில் வைத்தாள். ஓரமெல்லாம் பழுப்பேறிய கறுப்பு வெள்ளைப் படம். பார்த்ததும் எனக்குச் சொட்டு நீலத்தின் வாசம் அடித்தது. கறுப்பு வெள்ளைப் படத்தில் நீலம் எங்கிருந்து வரும்? ஆனால் அடித்தது.

"ஞாபகம் இருக்கா பெரியம்மா? என்னோட அஞ்சாவது பர்த்டே. அப்பாதான் பூதம்."

இருக்காதா பின்னே.

"அம்மா இருக்கிற படம் எங்கிட்ட இது ஒண்ணுதான். ரெண்டு பேரும் சந்தோஷமா இருந்தாங்கன்னு இதை வச்சுத்தான் நம்பிட்டிருக்கேன். இருந்தாங்கதான?"

அவளுக்கு என்ன பதில் சொன்னேன் என்பதை உனக்கும் எழுதிவிட வேண்டும். முறைப்படி பார்த்தால் உன்னிடம்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். இருக்கும்போது சொல்ல வாய் வரவில்லை.

சிமெண்ட் ஆலைக் குவார்ட்டர்ஸில் உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர். உன் புருஷன் உன்னை அதில் மோதும்போது என் அலமாரியில் டம்ளர்கள் ஆடும். பெல்ட் பக்கிள் தரையில் படுகிற சத்தம் ஒன்று, உன் மேல் படுகிற சத்தம் வேறொன்று. நாலு வருஷத்தில் எனக்கு இரண்டும் தனித்தனியாகத் தெரியும். கடைசியில், "சோறு திங்கலியா? எந்திரிடி" என்பான். சிரித்துக்கொண்டேதான் சொல்வான். நான் என்ன செய்தேன்? ரேடியோவைச் சத்தமாக வைத்தேன். அவன் சுண்ணாம்புக்கல் குவாரியில் சூப்பர்வைசர். என் வீட்டுக்காரருக்கு எந்த ஷிப்ட் என்று எழுதுகிறவன் அவன். அந்த வரிசையில் எல்லா வீட்டுக்கும் அதே கதைதான். காலையில் நீ வீங்கின கண்ணோடு குழாயடிக்கு வருவாய். "கதவு இடிச்சிருச்சுக்கா" என்பாய். "பாத்து நடக்கக் கூடாதா புள்ள" என்போம். த்தூ, நாங்களும் பொம்பளைகள்!

அந்தக் குழாயடியில்தான் நீ கதை சொன்னாய். தண்ணீர் சாயங்காலம் ஒரு மணி நேரம் வரும். குடம் நிறைகிறவரை பிள்ளைகள் உன்னைச் சுற்றி உட்கார்ந்துகொள்ளும். குவாரிக் கழிவில் பொறுக்கின கல்லுச் சங்குகளை உன் முன்னே கொட்டுவார்கள். கடலே இல்லாத அரியலூரில் சங்கு எப்படி வந்தது என்று கேட்டதற்கு நீயாகக் கட்டின கதை அது. முன்னொரு காலத்தில் இங்கே கடல் இருந்தது. ஒரு பூதம் வந்து அதை ஒரே மடக்கில் விழுங்கிவிட்டது. சங்கெல்லாம் பயந்துபோய்க் கல்லாகிவிட்டன. தப்பித்த ஏழு அலைகள் மட்டும் பொம்பளை வேஷம் போட்டு, தண்ணீர்க் குடத்தோடு ஊருக்குள் நடமாடிக்கொண்டிருக்கின்றன. ஏழும் ஒரே நாளில் சேர்ந்து அடித்தால் பூதம் கடலைத் துப்பிவிடும். ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்தாய். பிள்ளைகளைவிட நாங்கள்தான் வாயைப் பிளந்து கேட்டோம்.

பாப்பாவின் பிறந்தநாளை அந்தக் கதை மாதிரியே கொண்டாடப் போகிறேன் என்றாய். பிள்ளைகளுக்கெல்லாம் பேப்பரில் மீன் தொப்பி. முறத்தில் கல்லுச் சங்கு. அலையாக வருகிற பெண்கள் நீலப் புடவைதான் கட்ட வேண்டும். என்னிடம் ஏது நீலப் புடவை? பழைய வெள்ளைப் புடவையைச் சொட்டு நீலத்தில் முக்கிக் காயப்போட்டேன். நாலு வீட்டில் அதே கூத்து. கொடி முழுக்க நீலம், எங்கள் கையெல்லாம் நீலம். மேனேஜர் வீட்டம்மா வருகிறார்கள் என்றதும் உன் புருஷனுக்குத் தலைகால் புரியவில்லை. "பூதம் வேஷம் நான்தான் போடுவேன்" என்று அவனாகவே நின்றான்.

வேஷத்தை நீதான் தைத்தாய். கழுத்திலிருந்து முழங்கால் வரைக்கும் சாக்கு. கை இரண்டும் உள்ளே. தலைக்கு மூங்கில் கூடையைக் கவிழ்த்து, மேலே காகிதம் ஒட்டி, தாரில் கண்ணும் பல்லும் வரைந்தாய். மூன்று நாள் கோணி ஊசியும் சணலுமாக உட்கார்ந்திருந்தாய். கையை வெளியே எடுக்க வழியே வைக்கவில்லை. மறந்துபோய் விட்டாயா, வேண்டுமென்றேதானா? நான் கேட்டதில்லை, நீயும் சொன்னதில்லை.

சாயங்காலம் நாலு மணி, நல்ல வெயில். குன்னத்திலிருந்து உன் அண்ணன் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து போட்டிருந்த பருத்தி மாறில் ஆளுக்கு ஒன்று கொடுத்தாய். காய்ந்த செடித் தண்டுதானே, அடித்தால் ஒடிந்துவிடும், யாருக்கும் வலிக்காது. பூதம் உறுமிக்கொண்டு வாசலுக்கு வந்தது. பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள். டவுன் ஸ்டூடியோக்காரர் காமிராவோடு நின்றார். முதல் அலை தட்டியது. இரண்டாவது அலை தட்டியது. "கடலைத் துப்பு, கடலைத் துப்பு" என்று பிள்ளைகள் கை தட்டினார்கள். மூன்றாவது அலை நான். என் மாறு அவன் முதுகில் பட்டதும் ஒடிந்தது.

கூடைக்குள்ளிருந்து சிரித்தான். "அவ்வளவுதானா? சோறு திங்கலியா?"

அதே குரல்டீ. நாலு வருஷம் சுவர் வழியாகக் கேட்ட அதே குரல், அதே சிரிப்பு. கொடிக்கு முட்டுக் கொடுத்திருந்த கம்பை உருவினேன். காய்ந்துகொண்டிருந்த துணியெல்லாம் மண்ணில் விழுந்தது. முதல் அடி முதுகில். இரண்டாவது விலாவில், உள்ளே ஏதோ இடம் மாறின மாதிரி ஒரு சத்தம். "ஏய்" என்றான். முட்டிக்கால் போட்டான். மூன்றாவது, கூடையின் முகத்தில். அதற்குள் மற்ற அலைகளுக்கும் விஷயம் புரிந்துவிட்டது. ஒருத்தி குடத்தை எடுத்தாள், ஒருத்தி காலால் மிதித்தாள், இன்னொருத்தி விறகுக்கட்டையோடு ஓடிவந்தாள். "விடுங்கடி, விடுங்கடி" என்று கதறினான். பூதம் என்ன அழகாக நடிக்கிறது என்று பிள்ளைகள் குதித்தார்கள். பாப்பாதான் எல்லாரையும்விட அதிகமாகக் குதித்தாள். நாங்களும் சிரித்துக்கொண்டுதான் அடித்தோம். அந்த நேரத்தில்தான் ஸ்டூடியோக்காரர் படம் எடுத்தார்.

ஏழாவது அலை நீ. கையில் அவனுடைய பெல்ட். எல்லாரும் விலகினோம். நீ அவசரப்படவில்லை. பக்கிள் பக்கம் வெளியே இருக்கும்படி கையில் ஒரு சுற்றுச் சுற்றி, ஒரே அடி. "கடலைத் துப்பு" என்றாய். குழாயடியில் கதை சொல்கிற அதே குரலில்.

கூடையைத் தூக்கியபோது உதடு கிழிந்திருந்தது. துப்பினான். ரத்தமும் ஒரு பல்லும் மண்ணில் விழுந்தன. மேனேஜர் வீட்டம்மா சாயம் என்று நினைத்துக் கை தட்டினார்கள். அவன் எங்கள் ஆறு பேரையும் ஒவ்வொருத்தியாகப் பார்த்தான். அப்புறம் அந்த அம்மாவைப் பார்த்துச் சிரிக்க முயற்சி செய்தான்.

அன்று எங்களுக்குத் தைரியம் வந்ததாக ரொம்ப நாள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். கிடையாது. அவன் முகத்தைக் கூடை மூடியிருந்தது, அவ்வளவுதான். முகம் தெரிந்திருந்தால் ஒருத்தியும் கம்பைத் தொட்டிருக்க மாட்டோம்.

அதற்கப்புறம் மூன்று மாதம் என் டம்ளர்கள் ஆடவில்லை. அவன் தானாகக் கேட்டு மாற்றல் வாங்கிக்கொண்டான், வேறு ஜில்லாவில் ஒரு குவாரிக்கு. லாரியில் சாமான் ஏற்றும்போது நீ என் கொல்லைக் கதவுக்கு வந்தாய்.

"அக்கா, நானும் பாப்பாவும் கொஞ்ச நாள் இங்கயே இருந்துக்கட்டுமா?"

"என்ன புள்ள பேசுற? புருஷனோட போறதுதான் முறை. அங்கயும் அக்கம்பக்கம் இருக்காதா?"

"அங்க அலை இருக்காதுக்கா."

நான் சிரித்தேன். கதை பேசுகிறாய் என்று சிரித்தேன். நீயும் சிரித்துவிட்டுப் போய் லாரியில் ஏறினாய்.

நாற்பது நாள்கூட ஆகவில்லை. ஸ்டவ் வெடித்து நீ போய்விட்டாய் என்று சேதி வந்தது. பாப்பா பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தாளாம்.

இங்கே இருந்தபோதே அடிப்பான் என்று உன் அண்ணன் போலீஸில் எழுதிக் கொடுத்தார். அதனால் எங்கள் வரிசைக்கு விசாரணைக்கு வந்தார்கள். முந்தின நாளே என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்: "கம்பெடுத்து அடிச்சது நீதான். வாயத் தெறந்தா உன்னையும் சேத்துப் புடிச்சிட்டுப் போவான்." வந்த அதிகாரி கையில் இதே போட்டோ. உன் புருஷன் கொடுத்தது. "இவ்வளவு சந்தோஷமா பர்த்டே கொண்டாடியிருக்காங்க. எல்லாரும் சிரிச்சிட்டு நிக்கிறீங்க. இது என்னம்மா?" என்றார்.

"விளையாட்டுங்க சார்" என்றேன். "நல்லாத்தான் இருந்தாங்க."

எழுதிக்கொண்டு கையெழுத்து வாங்கினார்கள். எனக்குப் பிறகு ஐந்து பேரும் அதையே சொன்னார்கள். நான் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அவர்களும் வேறு மாதிரி சொல்லியிருப்பார்கள். கம்பையும் நான்தானே முதலில் எடுத்தேன். பாப்பாவை அவன் ஆத்தாளே வளர்த்தாள். அவன் வயதாகி, கட்டிலில் படுத்து, போன வருஷம்தான் செத்தான்.

நேற்று உன் மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு உன் நெற்றி, உன் பல்வரிசை. மறுபடியும் கேட்டாள்: "சந்தோஷமாத்தான பெரியம்மா இருந்தாங்க?" ஆமாம் என்று சொல்லிவிட்டால் அவள் நிம்மதியாகப் போயிருப்பாள். நானும் அப்படியே போய்ச் சேர்ந்திருக்கலாம்.

"இல்ல பாப்பா. அது விளையாட்டில்ல. வலிக்கணும்னுதான் அடிச்சேன்" என்றேன்.

சுவர் வழியாகக் கேட்டதையெல்லாம் சொன்னேன். டம்ளரைச் சொன்னேன், ரேடியோவைச் சொன்னேன், கொல்லைக் கதவில் நீ நின்றதைச் சொன்னேன். போலீஸ்காரர்களிடம் நான் போட்ட கையெழுத்தைச் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்ப ஸ்டவ்வு?"

"நான் பாக்கலடா கண்ணு" என்றேன். அது நிஜம். அதற்குமேல் அவளும் கேட்கவில்லை. எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு, போயிட்டு வரேன் என்றுகூடச் சொல்லாமல் நடந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

போட்டோவை அவள் எடுத்துக்கொள்ளவில்லை. மேசை மேல் கிடக்கிறது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காலையிலிருந்து பார்க்கிறேன். கூடைக்குள் அவன் முகம் தெரியவில்லை. நீ கொஞ்சம் தள்ளி, பெல்ட்டைப் பின்னால் மறைத்துக்கொண்டு நிற்கிறாய். நாங்கள் சேர்ந்து சிரிக்கிற படம் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். நீ சிரிக்கவே இல்லையடி. நேராக என்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாய்.