குப்பம்மாள் சொல்லாத பேர்

ஐப்பசி 9
விடாத தூறல். அம்பத்தூரிலிருந்து ஆவடி ராணுவ முகாமுக்கு சைக்கிளில் போவதற்குள் வேட்டியெல்லாம் சேறு. இன்றும் போர்க்குற்ற விசாரணைக்கு வாக்குமூலம்தான். ஜப்பான்காரன் சயாமில் ரயில் பாதை போடப் பிடித்துப்போன நம் ஜனங்களில், உயிரோடு திரும்பியவர்கள் தமிழில் சொல்வதை நான் கேப்டன் துரைக்கு இங்கிலீஷில் சொல்ல வேண்டும். துரைக்கு டீ, எனக்குத் தலைவலி.

இன்று வந்தவள் குப்பம்மாள், பருத்திப்பட்டு. மலேயா ரப்பர் தோட்டத்திலிருந்து புருஷனோடு இவளையும் ஏற்றிப் போயிருக்கிறார்கள். காய்ச்சலில் கிடந்த மனுஷனை வேலைக்கு எழவில்லை என்று காவல்காரன் மூங்கிலால் அடித்தே கொன்றான். கண்ணால் பார்த்தவள் இவள் ஒருத்திதான். அழவில்லை. நான்தான் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன்.

புருஷன் பேர் கேட்டேன். "பழனி மலை மேல கீறாரே, அவரு பேருதான்." எந்தப் பெண் வாய்விட்டுச் சொல்வாள்? என் வீட்டிலும் "ஏங்க"தான். முருகன் என்று எழுதிக்கொண்டேன்.

ஐப்பசி 10
ரேஷனில் அரிசி இல்லை. கேழ்வரகு. சைக்கிள் செயின் அறுந்தது.

ஐப்பசி 12
துரை கத்தல். சயாமில் அவர்களோடு வேலை செய்த இன்னொருவன், செத்தவர் வேலாயுதம் என்று கேள்விப்பட்டதாகச் சொல்லியிருக்கிறான். "முருகன் யார்?" என் புத்தியைச் செருப்பால் அடிக்க. பழனி மலைக்காரருக்கு எத்தனை பேர்!

திருத்திவிடுகிறேன் என்றேன். கூடாதாம். அவள் தம்பி சொன்னாலும் செல்லாதாம். பார்த்தவள் வாயாலேயே வர வேண்டும். இல்லாவிட்டால் வாக்குமூலம் குப்பைக்கு. சிங்கப்பூர் ஜெயிலில் இருக்கும் அந்தக் காவல்காரன் வெளியே வந்துவிடுவான்.

ஐப்பசி 13
பருத்திப்பட்டு. ஏரி தளும்புகிறது. தம்பி வீட்டில் இருக்கிறாள். நெற்றியில் இன்னும் குங்குமம். விஷயத்தைச் சொன்னேன்.
"பேரு சொன்னா அவரு ஆயுசு கொறையும்னு எங்கம்மா சொல்லிகீது. என்னால ஆவாது நைனா."
தம்பி: "இன்னாக்கா நீ! ஆயுசு கொறையறதுக்கு மாமா எங்க கீறாரு?"
எழுந்து உள்ளே போய்விட்டாள். அவனை ஓங்கி ஒன்று விடலாம் போலிருந்தது. ஆனால் அவன் சொன்னதும் நிஜம்தானே. வழியெல்லாம் அழுகை.

ஐப்பசி 15
மறுபடி மழை. அவளாகவே முகாமுக்கு வந்தாள், தம்பியோடு, நனைந்துகொண்டு. தம்பியை வெளியே போகச் சொன்னாள்.
"எழுதிக்கோ நைனா. வேலாயுதம்."
பாதி தொண்டையிலேயே நின்றது. எனக்குக் கேட்டது. துரைக்குக் கேட்கவில்லை. இன்னொரு தடவை, உரக்கச் சொல்லச் சொல் என்றார்.
நான் அவளிடம் கேட்கவில்லை. "தெளிவாகச் சொல்லிவிட்டாள், சார்" என்றேன்.