கை படும் இடம்

ஆகஸ்ட் 14, வியாழன்

இணையத்தில் அந்தப் பழைய பேஸ் கிட்டாரைப் பார்த்ததிலிருந்து ஒரு வாரமாக எனக்கு வேறு நினைப்பே இல்லை. அறுபதுகளில் செய்த ஒரிஜினல் என்று போட்டிருந்தார்கள். விற்பவர் கொழும்புக்காரர். இன்றைக்குள் முன்பணம் அனுப்பாவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்றார். தொடர் இலக்கத்தை மூன்று தடவை சரிபார்த்தேன். அந்தக் காலத்தோடு பொருந்தியது.

அனுப்புவதற்கு முன் மாலாவிடம் போனைக் காட்டினேன். என் மனைவி ஒருநாளும் கிட்டாரைத் தொட்டவள் இல்லை. அப்போதுதான் வேலை முடிந்து அக்கரப்பத்தனை பஸ்ஸில் வந்திருந்தாள். ஈரக் குடையைக்கூடக் கீழே வைக்காமல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"ஏங்க, இதுல பெயின்ட் கீழ்ப்பக்கம் தேஞ்சிருக்கு. கை மேலதானே படும்?"

"அங்கயும் படும்."

"ஒங்களோடதப் பாருங்க. மேல் ஓரந்தான் வெளுத்திருக்கு. இத யாரோ வேணும்னே ஒரசி விட்டிருக்காங்க."

சுவரிலிருந்த என் பேஸை எடுத்து மடியில் வைத்தேன். அவள் சொன்ன இடத்தில் என் கை தானாகப் போய் உட்கார்ந்தது.

கிட்டாரின் கழுத்தைக் கழற்றி, செய்த தேதி இருக்கும் உள்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி விற்பவருக்கு எழுதினேன். சிறிது நேரத்தில் விளம்பரமே காணாமல் போய்விட்டது.

பன்னிரண்டு வருடமாகத் திருவிழாக்களிலும் கல்யாண வீடுகளிலும் வாசிக்கிறேன். என் பேஸிலிருந்த அந்தத் தேய்மானத்தை நானே கவனித்ததில்லை. மாலா கடைசி வரிசையில் மற்றப் பெண்களோடு கதைத்துக்கொண்டிருப்பாள் என்றுதான் நினைத்திருந்தேன். இவ்வளவு காலமும் அவள் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.