முனிராஜின் லேத்

2005 ஜூலை 11, திங்கள்
காலையிலிருந்து தூறல். குடை மறந்தாச்சு.

கம்பெனி மூடி ஏழு மாசம். கடன் கொடுத்த வங்கி போன வாரம் சீல் வைத்தது. புதுச் சட்டமாம், கோர்ட்டுக்கே போக வேண்டாம், நோட்டீஸ் விட்டு அறுபது நாள் பொறுத்தால் போதும். பழைய ஸ்டோர்ஸ் இன்சார்ஜ் என்று மெஷின்களை அடையாளம் காட்ட என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். தினக்கூலி.

லிஸ்டில் 23 மெஷின். கம்பெனியுடையது 22தான். மூலை லேத் முனிராஜுடையது. ஜாப் வொர்க் செய்தவன், கூலிக்கு இரும்புச் சாமான் கடைந்து தருவான், கரண்ட் வசதிக்காக எங்கள் ஷெட்டில் போட்டிருந்தான். அதிலும் மஞ்சள் பெயிண்டில் 'வங்கிக்கு அடமானம்'. எழுதியது நான். மூன்று வருஷம் முன்னால் வங்கி இன்ஸ்பெக்‌ஷனுக்கு முந்தின நாள், ஷெட்டில் நிற்கிற எல்லாவற்றிலும் எழுதச் சொன்னார் முதலாளி. லிஸ்டிலும் என் கையெழுத்து. பெயிண்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றதே முனிராஜ்தான். "அப்பறம் அழிச்சுக்கலாம் சார், பெயிண்ட்டுதானே."

அழிக்கவே இல்லை.

ஜூலை 12, செவ்வாய்
மத்தியானம் சாப்பிடும்போது ஷெட்டுக்குள் லேத் ஓடும் சத்தம். லைன் கட் செய்து எத்தனையோ மாசம். போய்த் தொட்டேன். சில்லென்று இருந்தது. முனிராஜ் செத்து நாலு மாசம். பயந்துவிட்டேன், இங்கே எழுத என்ன வெட்கம்.

தக்காளி, பி.பி. மாத்திரை, செருப்பு தைக்க.

ஜூலை 13, புதன்
முனிராஜ் சம்சாரம் லட்சுமம்மா அவர்கள் ஊர் சானமாவிலிருந்து வந்திருந்தாள். தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழுக்கு வந்தாள். லேத்தை வாடகைக்கு எடுக்க ஒரு பட்டறைக்காரர் தயார், இனி அதுதான் சோறு. பில் கிடையாது, பெங்களூரில் பழசாக வாங்கியது.

"எங்களுதுன்னு உங்களுக்குத் தெரியும் சார். அத மட்டும் சொல்லுங்க."

பார்க்கலாம்மா என்றேன். த்தூ. சொன்னால் வங்கியை ஏமாற்றியதில் நானும் கூட்டு. வீட்டுக்காரியிடம் சொன்னேன். வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொல்கிறாள்.

ஜூலை 14, வியாழன்
மறுபடி சத்தம். பெயிண்ட் தின்னர் வாங்கிப் போய் எழுத்தைத் தேய்த்தேன். மங்கியது, போகவில்லை. இன்னும் படிக்க முடிகிறது. கையெல்லாம் நாற்றம்.

ஜூலை 15, வெள்ளி
லேத் முனிராஜுடையது என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். வங்கி ஆபீசர் சின்ன வயசு, மரியாதையானவர், டீ வாங்கித் தந்தார். இரண்டு தரம் படித்தார்.

"அன்னைக்கு எழுதினது பொய்ங்கறீங்க. இன்னைக்கு எழுதினத எத வெச்சு நம்பறது?"

கடிதம் ஃபைலுக்குப் போனது. அந்தம்மா வேண்டுமானால் கடன் வழக்குத் தீர்ப்பாயத்துக்குப் போகலாமாம். வக்கீலுக்கு அவள் எங்கே போவாள்.

ஜூலை 16, சனி
வெயில். மெஷின்களை வங்கி குடோனுக்கு ஏற்றினார்கள். லேத் கடைசி. லட்சுமம்மா கேட்டுக்கு வெளியே நின்றாள்.

"சொன்னீங்களா சார்?"

சொன்னேம்மா என்றேன். லாரியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நம்பவில்லை. சொல்லியிருந்தால் லேத் எப்படி லாரியில் இருக்கும்.

டிரைவர் ஹாரன் அடித்தான். வாட்ச்மேனைக் காணோம். கேட்டை நான்தான் திறந்துவிட்டேன்.