ஐந்து பேர் ஏறியதும் தெரிந்தது

செவ்வாய், இரவு.

எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்வதை போன் எழுதிக்கொள்கிறது.

மகன் ஜீப்புக்குப் பெரிய டயர் மாட்டியதிலிருந்து திருப்பத்தில் உரசுகிற சத்தம். நாளை ஏழு மாதக் கர்ப்பிணியான மருமகளோடு எல்லோரும் அதில்தான் ஏற்காடு மலை ஏறுகிறோம். எங்கள் பிரேசர் டவுன் மெக்கானிக் சலீம் ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"எங்கயும் படல, சாச்சா."

"கீழ இறக்கி ஆள ஏத்துப்பா. சர்ச்சுக்கு ஏழு பேர் போனப்பதான் கத்துச்சு."

சலீம் பக்கத்து டீக்கடையில் நின்ற ஐந்து பேரைக் கூப்பிட்டார். "எங்கள என்னா அரிசி மூட்டைனு நெனச்சியா?" என்று சிரித்துக்கொண்டே ஏறினார்கள். டயரில் சாக்பீஸ் பூசித் திருப்பினோம். மட்கார்டின் உள்விளிம்பில் வெள்ளை ஒட்டியது. சலீம் அந்த விளிம்பை மட்டும் அறுத்தெடுத்தார். அவர்களோடே ஒரு சுற்று ஓட்டினோம். சத்தமே இல்லை.

ஒருவர் பெயரும் கேட்காமல் வந்துவிட்டேன். ஆண்டவரே, ஏறி உட்கார்ந்த அந்த ஐந்து பேரையும் நன்றாக வையும்.