திருப்பாத முட்டை

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இன்றும் முட்டை கருகிவிட்டது. அடியில் கருப்பு, மேலே கொழகொழ. நைனாவுக்கு ஒன்றை மூடி வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். சாயங்காலம் வந்து பார்த்தால் தட்டு கழுவியிருந்தது. சாப்பிட்டாரா, பூனைக்குப் போட்டாரா? கேட்கவில்லை.

அம்மா கோபித்துக்கொண்டு எளாவூரில் மாமா வீட்டுக்குப் போன பிறகு, இந்த வீட்டில் யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. நைனா ஒருநாள் சொன்னதோடு சரி. "அவளா போன் பண்ணா பேசு. நீயா பண்ணாத."

அம்மா பண்ணவில்லை.

நைனா தூங்கிய பிறகுதான் இதை எழுதுகிறேன். அம்மா பேச்சை எடுத்தாலே அவர் முகம் மாறிவிடும்.

ஆகஸ்ட் 7, வியாழன்

விடியும் முன்பே நைனா கடலுக்குப் போய்விடுகிறார். அப்புறம் கூரை ஷீட்டில் காக்கா நடந்தாலும் எனக்குப் பயம். அடுப்பைப் பற்ற வைத்தால் கொஞ்சம் பரவாயில்லை. எண்ணெய் பொரியும் சத்தமாவது கேட்கிறது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மஞ்சள் கரு வழிவது பிடிக்கவில்லை என்று வகுப்பில் இக்ராவிடம் சொன்னேன். "லூசு, திருப்பிப் போட வேண்டியதுதானே? எங்க வீட்ல ரெண்டு பக்கமும் வேகவெச்சு மிளகுத்தூள் போடுவாங்க" என்றாள்.

அம்மா ஒருநாளும் திருப்பிப் போட்டதில்லை. ஏன் என்று நான் கேட்டதும் இல்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு



காலையில் முட்டையைத் திருப்பிப் போட்டேன். உடையவில்லை, கருகவில்லை. முதல் தடவையாக எனக்கே பெருமையாக இருந்தது. அப்போதுதான் பக்கத்து வீட்டு முத்தம்மாள் பெரியம்மா கறிவேப்பிலை கேட்டு வந்தாள்.

"அடிப்பாவி! இன்னாடி பண்ற? உன் நைனா கடல்ல இருக்கான். படகு கரையேறாம சட்டியில எதையாவது திருப்பிப் போடுவாங்களா? படகும் கவுந்துடாதா? உங்கம்மா இதக்கூடச் சொல்லித் தரலியா?"

சொல்லித் தரவில்லை. சொல்லித் தர அவள் இங்கே எங்கே இருக்கிறாள்?

மற்ற படகெல்லாம் வந்தன. மீன் ஏலமும் முடிந்துவிட்டது. நைனா படகு மட்டும் வரவில்லை. அவர் போனுக்கு அடித்தால் போகவே இல்லை. வீட்டில் இருக்கும் பட்டன் போனை எடுத்து, பண்ணக்கூடாத நம்பருக்குப் பண்ணினேன்.

"அம்மா, நான் முட்டையைத் திருப்பிட்டேன்."

அம்மா திட்டவில்லை. "படகு வந்துச்சா?"

"இல்லம்மா."

"கரைக்குப் போ. போனை மட்டும் வைக்காத."

வெயிலில் போனைக் காதோடு வைத்துக்கொண்டு நின்றேன். ரொம்ப நேரம் கழித்து, ஒரு படகு இன்னொரு படகைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. பின்னால் வந்ததில் நைனா நின்றிருந்தார்.

"வருதும்மா!"

அம்மா உடனே போனை வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 11, திங்கள்

ஒரு வாரமாகவே எஞ்சினில் கோளாறாம். அப்படியானால் முட்டையால் இல்லையா? "அந்த எஞ்சினு அன்னிக்குன்னு பாத்து ஏன்டி நின்னுச்சு?" என்கிறாள் பெரியம்மா.

தெரியவில்லை. இனிமேல் திருப்ப மாட்டேன்.

ஆகஸ்ட் 13, புதன்

அடுப்பைப் பற்ற வைத்ததும் போன் அடித்தது. அம்மா!

"திருப்பலியே?"

"இல்லம்மா."

"தீயக் கம்மி பண்ணு. ரெண்டு சொட்டு தண்ணி தெளிச்சு மூடி வை. மஞ்சக்கரு தானா வெந்துடும்."

வெந்தது. அம்மா போட்டது மாதிரியே இருந்தது.

"படகு வந்ததும் ஒரு மிஸ்டு கால் குடு" என்றாள்.

"நான் ஸ்கூலுக்குப் போயிடுவேனே."

அதற்குள் அம்மா போனை வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 14, வியாழன்

நேற்று சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே நைனாவிடம் சொல்லிவிட்டேன். நான் போன் பண்ணினது, அம்மா மிஸ்டு கால் கேட்டது, எல்லாம். அடிப்பார் என்று நினைத்தேன். கை கழுவிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

காலையில் அவர் முட்டைத் தட்டுக்குப் பக்கத்தில் பட்டன் போனை வைத்துவிட்டுப் போனேன். பள்ளிக்கூடத்தில் எதுவுமே காதில் விழவில்லை.

சாயங்காலம் தட்டு கழுவியிருந்தது. போன் வைத்த இடத்திலேயே இருந்தது. எடுத்துப் பார்த்தேன். அம்மா நம்பருக்குப் போயிருக்கிறது.

மிஸ்டு கால் இல்லை. நாலு நிமிடம்.

நைனாவை ஒன்றும் கேட்கவில்லை. போனைச் சார்ஜில் போட்டுவிட்டேன். தூங்கப் போகிறேன்.